அவங்க ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?



கருத்தரங்கு நிகழ்ச்சியில் எனக்குக் கிடைக்கும் நேரம் ஏழே நிமிடம். அதில் பாதி, "சிறிய இடைவேளைக்குப் பிறகு சந்திப்போம்" என்று சொல்வதிலேயே போய்விடும். பத்திரிகையில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே அன்று மேடையில் பதில் தெரியாமல் நான் திணறிய ஒரு கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நாட்டின் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றிய கருத்தரங்கு அது. பார்வையாளர் வரிசையில் பிரிக்பீல்ட்ஸ் பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பாட்டி வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில், படித்தது கான்வென்டில். வெளிநாட்டிலிருந்து கன்னியாஸ்திரிகள் தங்கள் சபையின் மடங்களையும் பள்ளிகளையும் பார்த்துப் போக வருவதைப் பற்றிப் பேச்சு வந்ததும், பாட்டி மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஏம்மா, இப்ப வர்றவங்க ரெண்டு வாரம் இருந்துட்டு பிளேன் ஏறிப் போயிடுறாங்க. எங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தாங்களே அந்த சிஸ்டருங்க, அவங்க ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?"

நான் சிரித்துச் சமாளித்து இடைவேளை விட்டுவிட்டேன். வேறென்ன செய்வது? என்னிடம் இருப்பது மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. வரலாறு படித்தது எஸ்.பி.எம். வரைக்கும்தான். கான்வென்ட் சிஸ்டர் என்றால் அயர்லாந்துக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். முதலில் அதுவே தவறு என்பது பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது.

முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிரான்சின் ரூவான் நகரில் 1660களில் நிக்கொலா பாரே என்ற துறவி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தர இளம்பெண்களைத் திரட்டினார். அவர்களிலிருந்து உருவானதுதான் குழந்தை இயேசு சபை. பாரிஸில் செயின்ட் மோர் என்ற தெருவில் அவர்களுடைய தலைமை இல்லம் இருந்ததால், செயின்ட் மோர் சகோதரிகள் என்றும் பெயர். நம் நாட்டு நிலப் பத்திரங்களில் இன்றுவரை அந்தப் பாரிஸ் தெருவின் பெயர் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலாயாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று எழுதி எழுதிக் கேட்டார்கள். 1851 டிசம்பரில் ஒரு சிறு குழு கப்பல் ஏறியது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதற்கு முன்பு பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் நான்கு மாதத்துக்கு மேல். குழுவின் தலைவி நடுக்கடலிலேயே இறந்துவிட்டார். மிஞ்சியவர்கள் 1852 ஏப்ரல் 12-ல் பினாங்கில் இறங்கினார்கள். தலைவி இல்லை, ஆங்கிலம் சரியாகத் தெரியாது, மலாய் தெரியவே தெரியாது. கையில் பணமும் இல்லை.

பாரிஸுக்குச் செய்தி போனது. அங்கிருந்து அனுப்பப்பட்டவர்தான் மதர் மத்தில்ட் ரக்லோ. லொரேன் பகுதியில் 1814-ல் பிறந்தவர். அப்போது வயது 38. செப்டம்பரில் கிளம்பி அக்டோபர் 28-ல் பினாங்கு வந்து சேர்ந்தார். வந்த வேலை, போட்டது போட்டபடி கிடந்த வீட்டைச் சரிசெய்வது. இன்றைய மொழியில் சொன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. வந்து பார்த்து, அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை.

பினாங்கு லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் நிலைபெற்றதும், 1854 பிப்ரவரி 5-ல் சிங்கப்பூர் போனார். அங்கே பாதிரியார் பெரெல் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்த ஒரு வீடு இருந்தது. காலியான வீடு. போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் வகுப்பு தொடங்கிவிட்டார்கள். கட்டணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று, அநாதைப் பிள்ளைகளுக்கு ஒன்று. செலவுக்கு என்ன செய்தார்கள்? தையல் வேலை. கடல் கடந்து வந்த ஆசிரியைகள் ஊரார் துணிக்கு ஊசி நூல் பிடித்துத்தான் பள்ளி நடத்தினார்கள். பல கான்வென்ட் பள்ளிகளின் சின்னத்தில் புத்தகத்தோடு நூல் நூற்கும் கதிரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் அம்மாவின் பழைய பேட்ஜில் அதைப் பார்த்து, சின்ன வயதில் ஐஸ்கிரீம் என்று நினைத்திருக்கிறேன்!

1860-ல் மலாக்கா. இப்படி ஒவ்வொரு ஊராக மடங்கள் முளைத்தபோது, அவற்றை யாராவது போய்ப் பார்த்துவர வேண்டியிருந்தது. கன்னியர் சபைகளில் இது வெறும் நலம் விசாரிப்பு அல்ல, விதி. சபைத்தலைவியோ அவர் அனுப்புகிறவரோ குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மடத்துக்கும் போக வேண்டும். ஒவ்வொரு சகோதரியையும் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். உடல்நிலை, மனக்குறை, சண்டை சச்சரவு எல்லாம் அங்கே வெளிவரும். கணக்குப் புத்தகம் பார்ப்பார்கள், சமையலறையைப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார்கள். யாரை எந்த ஊருக்கு மாற்றுவது என்பது பெரும்பாலும் இந்த வருகைக்குப் பிறகுதான் முடிவாகும். வீட்டுக்கு மாமியார் வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோமோ, அதைத்தான் மடத்திலும் செய்திருப்பார்கள்.

மதர் மத்தில்டுக்கு 1872-ல் அடுத்த கட்டளை. ஜப்பான். அங்கே கிறிஸ்தவத்துக்கு இருந்த தடை அப்போதும் நீங்கவில்லை. மறுஆண்டுதான் அந்தத் தடைப் பலகைகளை எடுத்தார்கள். 58 வயதில் நான்கு சகோதரிகளோடு யோகோஹாமாவில் போய் இறங்கினார். அந்த ஆண்டில் தொடங்கிய செயின்ட் மோர் பள்ளி அந்நகரில் இன்னும் நடக்கிறது. 1911 ஜனவரியில், 97-ஐத் தொடச் சில வாரங்களே இருக்கும்போது, யோகோஹாமாவிலேயே அவர் காலமானார். பாட்டியின் கேள்விக்கு முதல் பதில் இது: பினாங்கு வந்து 58 ஆண்டுகள் கழித்தும் அவர் வாழ்ந்தது ஆசியாவில்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம்.

கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் கான்வென்ட் தொடங்கியது 1899-ல். பாதிரியார் லெத்தெசியே கேட்டுக்கொண்டதற்கிணங்க, பினாங்கிலிருந்து சகோதரிகள் வந்தார்கள். வடக்கு தெற்கு ரயில் பாதை முழுதாக முடியாத காலம். பினாங்கிலிருந்து கப்பலில் கிள்ளான் வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர் வருவதுதான் வழக்கமான வழி. அந்தத் தண்டவாளம் போட்டதிலும், பிறகு ஓடிய ரயிலிலும் நம்மவர்கள் வேலை பார்த்தார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்ததில் ரயில்வேக்குப் பெரும்பங்கு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார்கள், தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள். ஒரே ரயில்வே, இரண்டு வகை வீடு.

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கான்வென்டில் தமிழ்ப் பெண்கள் படித்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். எந்தத் தமிழ்ப் பெண்கள்? கிராணி வீட்டுப் பெண், ரயில்வே வேலைக்காரர் வீட்டுப் பெண், டவுனில் கடை வைத்திருந்தவர் வீட்டுப் பெண். தோட்டத்துப் பிள்ளைக்கு 1923 தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். பல இடங்களில் அது ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை. அதுவும் பெண்பிள்ளை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து டவுன் கான்வென்டின் மணியோசை தொலைவில் இல்லை. ஆனால் பஸ் காசும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் அது வேறு நாடு.

அதே கான்வென்டின் பின்பக்கத்தில் அநாதை விடுதியும் இருந்தது. வளர்க்க முடியாத பெண் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். எல்லா இனத்துக் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குச் சாதம் போட்டு, தையல் சொல்லிக்கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர்கள் இந்தச் சகோதரிகள். கட்டணம் கட்டிய பிள்ளைக்கும் விடுதிப் பிள்ளைக்கும் வகுப்பு வேறு, சில ஊர்களில் வாசலே வேறு என்று பழைய மாணவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது சரியாகாது என்பது என் அபிப்பிராயம்.

அயர்லாந்து எப்போது வந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் ஆங்கிலப் பள்ளி நடத்த ஆங்கிலம் பேசும் ஆசிரியைகள் வேண்டும். சபை 1909-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் டிரிஷேன் என்ற பழைய கோட்டை மாளிகையை வாங்கியது. அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள்தான் மலாயா, சிங்கப்பூர், ஜப்பான் என்று கப்பல் ஏறினார்கள். பாட்டிக்குப் பாடம் சொன்ன சிஸ்டர்கள் அந்த வழியில் வந்தவர்களாக இருக்க வேண்டும். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். பெற்ற தாயிடம் விடைபெறும்போது இரண்டு பக்கமும் தெரியும், இது கடைசி என்று. 1960களில் வத்திக்கான் சங்கம் வந்து விதிகளைத் தளர்த்தும்வரை, தாயோ தந்தையோ இறந்தால்கூட ஊருக்குப் போகாதவர்களே மிகுதி. கடிதம் வந்து சேருவதற்குள் அங்கே அடக்கம் முடிந்து வாரக்கணக்காகியிருக்கும்.

போர்க்காலமும் அவர்களை விடவில்லை. ஜப்பானியக் கடற்படை லைட் ஸ்ட்ரீட் கான்வென்டை எடுத்துக்கொண்டது. 1943-ல் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் கிரெனேடியரின் மாலுமிகளை அந்த வகுப்பறைகளில்தான் அடைத்து வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்களைப் பள்ளி கண்ணாடி போட்டுப் பாதுகாத்தது. சிங்கப்பூர் சகோதரிகளில் சிலர் நெகிரி செம்பிலான் பஹாவ் காட்டுக் குடியிருப்புக்குப் போனார்கள். கத்தோலிக்கர்களுக்காக அமைத்த குடியிருப்பு அது. மலேரியாவிலும் பட்டினியிலும் பலர் இறந்த இடம். அவர்களோடு போன ஆயர் டெவால்ஸ் 1945-ல் இறந்தார்.

இனி என் அம்மாவின் கதை. அம்மா கிள்ளானில் கான்வென்டில் படித்தவர். 1970-க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய சிஸ்டர் பார்வையிட வருகிறார் என்று ஒரு மாதம் ஒத்திகை. தரையைத் தேய்த்துத் தேய்த்து முட்டியில் தழும்பு. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் ஒரு வரவேற்புப் பாட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அர்த்தம் யாருக்கும் தெரியாது. அம்மா அதைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். வந்த பெரிய சிஸ்டர் அயர்லாந்துக்காரர். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில், "அருமை, எனக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை" என்றாராம். அம்மா இதைச் சொல்லி இன்றும் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று சேர்த்துக்கொள்வார்: "தமிழ் எழுத்து தெரிஞ்சதாலதான் பாட முடிஞ்சது. அந்தத் தமிழையும் உங்க தாத்தா வீட்டுல சொல்லிக் குடுத்ததுதான்." கான்வென்டில் தமிழ் கிடைத்தது வாரத்தில் சில மணி நேரத் தாய்மொழி வகுப்பில்தான். அந்த வகுப்பும் எல்லா வருடமும் நடக்கவில்லை. ஆங்கிலம் கிடைத்தது, தாதியாகவும் டைப்பிஸ்டாகவும் ஆசிரியையாகவும் வேலை கிடைத்தது, தமிழ் பலருக்குக் கைநழுவிப் போனது. என் சொந்தப் பெரியம்மாவுக்கு இந்தப் பத்திரிகையை நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

கான்வென்ட் என்றால் இந்த ஒரு சபைதான் என்று நினைத்துவிடக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு சபைக்கும் பெரிய பங்குண்டு. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஊட்டியில்!

எலேன் தெ ஷப்போத்தான் என்ற பிரெஞ்சுப் பெண், வேறொரு சபையின் கன்னியாக 1865-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். துறவுப் பெயர் மேரி ஆஃப் தி பேஷன். சபைக்குள் ஏற்பட்ட மனவேறுபாட்டில், 1876-ல் சுமார் இருபது சகோதரிகள் பிரிந்து உதகமண்டலத்தில் கூடினார்கள். அவர் ரோமாபுரி போய் அனுமதி கேட்டார். 1877 ஜனவரி 6-ல் கிடைத்தது. மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபணிச் சபை என்று இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சபை, நீலகிரியில் தொடங்கியது. ஐரோப்பாவில் பிறந்து ஆசியாவுக்கு வந்த சபைகள் எத்தனையோ உண்டு. தமிழ் மண்ணில் பிறந்து ஐரோப்பாவுக்குப் போன சபை இது.

அந்தச் சபையின் சகோதரிகள் 1954-ல் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்தை அழித்துப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நகரம். சிறிய மருந்தகமாகத் தொடங்கியது அசுந்தா மருத்துவமனை. அசுந்தா யார்? இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இதே சபையில் சேர்ந்து, சீனாவுக்குப் போய், 1905-ல் டைபஸ் காய்ச்சலில் இறந்த இளம் சகோதரி மரியா அசுந்தா. படித்தவர் இல்லை. மடத்தில் சமையல், எடுபிடி வேலைகள். 1954 நவம்பரில் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. அதே ஆண்டில் தொடங்கிய மருத்துவமனைக்கு அவர் பெயர். பக்கத்திலேயே அசுந்தா பள்ளி எழுந்தது. அயர்லாந்திலிருந்து வந்த சிஸ்டர் எண்டா ரையன் அதைக் கட்டியெழுப்பினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மலேசியாவைவிட்டு அவர் போகவில்லை. பள்ளி விழாக்களில் பழைய மாணவிகள் சூழ உட்கார்ந்திருக்கும் அவர் படம் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது.

நாடு சுதந்திரம் பெற்றதும் நிலைமை மாறியது. 1961 கல்விச் சட்டத்தின்படி மிஷன் பள்ளிகள் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளாயின. 1970-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பாடமொழி மலாய்க்கு மாறியது. வெளிநாட்டு மறைபணியாளர்களுக்கு விசா நெருக்கடி வந்தது. சிலர் குடியுரிமை பெற்றுத் தங்கினார்கள். சிலர் போக வேண்டியதாயிற்று. பாட்டியின் கேள்விக்கு இரண்டாவது பதில் இது. திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் அது அவர்கள் கேட்டு வாங்கிய பயணம் அல்ல. நாற்பது வருடம் மலாயா வெயிலில் இருந்துவிட்டு, அறுபது வயதில் கார்க் மாவட்டக் குளிருக்குப் போய், தெரிந்த முகம் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்ததைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற டிரிஷேன் மாளிகையையும் பிறகு சபை விட்டுவிட்டது.

பள்ளிகளில் தலைமையாசிரியை நாற்காலி அரசாங்கம் நியமிப்பவருக்குப் போயிற்று. உள்ளூர்ச் சகோதரிகளும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். ஆகவே இப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரி தம் சபையின் பள்ளியைப் பார்க்க வந்தால், அவர் விருந்தினர். மாலை போடுவார்கள், பாரம்பரிய நடனம் இருக்கும், தேநீர் உண்டு. கணக்குப் புத்தகத்தை யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள்.

ஆனால் நிலம்? முன்பு சொன்ன பாரிஸ் தெருவின் பெயர் இங்கேதான் வருகிறது. பல கான்வென்ட் நிலங்கள் இன்னும் "செயின்ட் மோர் சபையின் தலைவி" என்ற சட்டப்பெயரில் இருக்கின்றன. புக்கிட் நானாஸ் கான்வென்டின் நிலக் குத்தகை 2021 செப்டம்பரில் முடியவிருந்தது. புதுப்பிப்பு மறுக்கப்பட்டதும் சபை நீதிமன்றம் போனது. பழைய மாணவிகள், இந்து, முஸ்லிம், பௌத்தர் என்ற பேதம் இல்லாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் குத்தகை 60 ஆண்டுகளுக்கு, 2081 வரை நீட்டிக்கப்பட்டது. பினாங்கு லைட் ஸ்ட்ரீட்டின் கதை வேறு மாதிரி முடிந்தது. நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சபையே முடிவு செய்தது. 2018 முதல் புதிய மாணவிகளைச் சேர்ப்பது நின்று, இருந்த வகுப்புகள் ஒவ்வொன்றாக வெளியேறின. சிங்கப்பூரில் மதர் மத்தில்ட் வகுப்பு தொடங்கிய இடத்திலிருந்து பள்ளி 1983-லேயே இடம்பெயர்ந்தது. இன்று அங்கே சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்கள். நான் ஒருமுறை போயிருக்கிறேன். பாஸ்தா நன்றாகத்தான் இருந்தது. அநாதைக் குழந்தைகளை விட்டுச் சென்ற சிறு வாசலைத் தாண்டித்தான் அங்கே போயிருக்கிறேன் என்பது இப்போது படித்தபோதுதான் தெரிந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பாட்டியின் வீட்டுக்கே போனேன். கேள்வி கேட்டவருக்கு நேரில் பதில் சொல்வதுதானே மரியாதை. பெரும்பாலானவர்கள் திரும்பிப் போகவில்லை பாட்டி, போனவர்களும் விரும்பிப் போகவில்லை என்றேன். கப்பலில் இறந்த தலைவியைச் சொன்னேன், யோகோஹாமாவைச் சொன்னேன். பாட்டி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்கப்பாவும் அப்படித்தாம்மா. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தாரு. மூணு வருசத்துல வர்றேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்தாராம். அந்த ஆத்தா செத்த தந்தி வந்த அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல அழுதுகிட்டிருந்தேன். ஏன்னு கேட்டாங்க சிஸ்டர். சொன்னேன். அவங்களும் உக்காந்து அழுதாங்க. எங்க அப்பாயிக்காக இவங்க ஏன் அழணும்னு அப்ப எனக்குப் புரியல."

பிறகு அடுக்களைக்குள் போய், முறுக்கு டப்பாவை எடுத்து வந்தார்.